தொள்ளாயிரம் தகடுகளையும் உரித்தேன்

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேசையில் மாதிரிக் கப்பலைக் கவிழ்த்துப் போட்டு, இடது பக்கத்துக் கடைசிச் செம்புத் தகட்டை ஒட்டி முடித்தேன். பதினேழு ராத்திரி வேலை. எழுந்து நின்று பார்த்தால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பக்கம் முழுக்கப் புதுச் செம்புக் குடம் மாதிரி மின்னுகிறது.

டேபிள் ஃபேனுக்குக் காயில் கட்டக் கொடுத்திருந்த பெரியவர் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி அவர். நாற்பது வருஷம் உளியும் வாய்ச்சியும் பிடித்த கை. இப்போது விளாத்திகுளத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மேசைக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை அணியத்தில் வைத்து அமரம் வரைக்கும் மெதுவாக இழுத்தார்.

டிக், டிக், டிக், டிக் என்று ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் நகம் தட்டியது.

திருப்பி அமரத்திலிருந்து அணியத்துக்கு இழுத்தார். சத்தமே இல்லை. எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"தம்பி, இது எந்தப் பக்கமாப் போகும்?"

"இந்தப் பக்கம்தான் அய்யா. இது அணியம்."

"அப்போ தண்ணி எங்கேருந்து வரும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

"கூரை வேயுறவன் முகட்டுலேருந்தா ஆரம்பிப்பான்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் கேட்டார்.

இந்தப் பக்கத்தில் பனையோலைக் கூரைக்கு அடியில் பிறந்து வளர்ந்தவன் நான். இறவாணத்தில் முதல் வரிசை போட்டு, அடுத்ததை அதன்மேல் படியவிட்டு, முகட்டில் முடிப்பார்கள். மேலேயிருந்து வரும் மழைத்தண்ணீர் ஒவ்வொரு ஓலையின் முதுகிலும் இறங்கிக் கீழ் ஓலையில் விழவேண்டும், இடுக்கில் நுழையக் கூடாது. கப்பலுக்கு மழை முன்னாலிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் பின்னால், அமரத்தில் ஆரம்பிக்க வேண்டும். முன் தகட்டின் பின்விளிம்பு பின் தகட்டின்மேல் ஏறி உட்கார வேண்டும். மீனின் செதில் அப்படித்தான் இருக்கிறது. நான் எழுதுகிற பழக்கத்தில், 'முன்னால்' என்றால் 'முதலில்' என்று நினைத்து, மூக்கிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். தொள்ளாயிரம் தகடுகளின் விளிம்புகளும் வாயைத் திறந்துகொண்டு கடலைப் பார்த்து நிற்கின்றன. நிஜக் கப்பலாக இருந்தால் ஒரே பயணத்தில் தண்ணீர் அவற்றை நெம்பி எடுத்துவிடும்.

அன்று ராத்திரியே உரிக்க ஆரம்பித்தேன்.

இந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் பிழைப்பு மோட்டார் காயில் கட்டுவது. கிணற்று மோட்டார், போர் போட்டவர்களின் சப்மர்சிபிள், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் வரும். இருபத்திரண்டு வருஷமாகக் கையில் புரள்வது செம்புக் கம்பிதான். கடையில் அதைக் காப்பர் என்போம். பூஜை அறையில் அதுவே செம்பு, பாடப்புத்தகத்தில் தாமிரம். நம்ம கடற்கரையில், புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற பொருநை ஆற்றின் இன்னொரு பெயரான தாமிரபரணியிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. கருகிப்போன காயிலை வெட்டி எடுத்து எடைக்குப் போடுகிறபோதுகூட அந்த உலோகத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எத்தனை தடவை உருக்கினாலும் அது செம்புதான்.

மாதிரிக் கப்பல் செய்கிற பழக்கம் ஏழெட்டு வருஷமாக இருக்கிறது. எங்கள் ஊர் கரிசல் காடு. மிளகாய், கம்பு, உளுந்து, பாசி விளைகிற பூமி. ஆனால் வைப்பாற்றோடு நடந்தால் கடல் தூரமில்லை. வேம்பாரும் சிப்பிகுளமும் கீழவைப்பாரும் எங்கள் தாலுகாவிலேயே இருக்கின்றன. சின்ன வயதில் சந்தைக்கு வரும் மீன்காரம்மா கூடையிலிருந்து எனக்கென்று ஒரு சிப்பி எடுத்துத் தருவார்கள். உள்பக்கம் திருப்பி வெயிலில் காட்டினால் ஏழு நிறமும் தெரியும். கடல் மேல் ஆசை அங்கே ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

இப்போது மேசையில் இருப்பது திருகோணமலை. ஆங்கிலத்தில் எச்.எம்.எஸ். டிரிங்கமாலி. 1782 செப்டம்பரில் திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய கடற்போரின் நினைவாக வைத்த பெயர். கப்பலைக் கட்டியது பம்பாய்த் துறையில், வாடியா குடும்பத்துப் பார்சிகள். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாதான் தலைமை ஓடாவி. மரம் மலபார்த் தேக்கு. பம்பாய்க்கு அனுப்பிய வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலில் வந்துகொண்டிருந்தன. 1812 டிசம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷன் அந்தக் கப்பலைத் தோற்கடித்தபோது வரைபடங்களும் போய்விட்டன. மறுபடி படம் வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது. இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. பார்சிக் கைகள், மலபார் மரம், தமிழ் ஊர்ப் பெயர், இருநூறு வருஷம் தாண்டிய உயிர். இதைப் படித்த அன்றே, செய்தால் இந்தக் கப்பலைத்தான் செய்வது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அளவு 64இல் ஒன்று. இதைப் பெரியவரிடம் சொன்னபோது, "கால்வீசம்னு சொல்லு" என்றார். வீசம் பதினாறில் ஒன்று, அதில் கால் அறுபத்து நாலில் ஒன்று. எத்தனையோ மாதமாக நான் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்த எண்ணுக்கு எங்கள் தாத்தா காலத்து வாய்ப்பாட்டில் ஒரு பெயர் இருக்கிறது! அந்தக் கணக்கில் சுமார் 150 அடி நீளப் பீரங்கித் தட்டு என் மேசையில் 72 சென்டிமீட்டர். விலா எலும்பு மாதிரி நிற்கிற வங்குகள் பிளைவுட். மேலே பட்டியடித்தது தச்சுப் பட்டறையில் மிஞ்சிய தேக்குச் சீவல். தேக்கு இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

சரி, மரக்கப்பலுக்கு எதற்குச் செம்பு?

கடலில் மரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கொட்டலசும் பாசியும். அடிப்பாகத்தில் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைத் தின்றுவிடும். இன்னொன்று கப்பல்புழு. பெயர்தான் புழு, ஆனால் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த பிராணி. நம்ம முத்துச் சிப்பிக்குத் தூரத்துப் பங்காளி. முன்தலையில் இரண்டு சின்ன ஓடுகள் அரம் மாதிரி இருக்கும். குஞ்சாக ஊசிமுனை ஓட்டையில் உள்ளே நுழைந்து, மரத்தை ராவிக்கொண்டே வளரும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை நன்றாகத்தான் இருக்கும், உள்ளே தேன்கூடாகியிருக்கும். தொலையிரம் பார் மாதிரி கடலடி முத்துப் பார்களில் பாறையைப் பிடித்துக்கொண்டு முத்து வளர்த்த இனத்திலேயே இப்படி மரத்தைத் தின்ன ஒரு கிளையும் பிறந்திருக்கிறது.

நம்ம பக்கத்தில் இதற்கு என்ன செய்தார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். கட்டுமரத்துக்கு இந்தக் கவலையே கிடையாது, தினமும் கரையில் ஏற்றிக் காயப்போடுகிறார்கள். தோணிக்குப் பலகை இடுக்கெல்லாம் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்து, அடிப்பாகத்தில் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துக் கனமாகப் பூசுவார்களாம். இந்துமாக்கடல் முழுவதும், அரபிக்கரை வரைக்கும், இந்தச் சுண்ணாம்புப் பூச்சு ரொம்பப் பழைய வழக்கம். புழு சுண்ணாம்பைத் தாண்டுவதற்குள் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிடும். படகுக்குப் புன்னை எண்ணெயும் பூசினார்கள். நல்ல தண்ணீர் கலக்கும் ஆற்று முகத்துவாரத்தில் கொண்டுபோய் நிறுத்திவைப்பதும் உண்டு, உப்புக் குறைந்தால் புழு தாங்காது. எல்லாமே கரை பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஆகிற வைத்தியம். வருஷக்கணக்காகக் கரையேறாமல் உலகம் சுற்றுகிற கப்பலுக்கு ஆகாது. அதற்குத்தான் செம்பு.

இங்கே வருகிற கதைதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. என் தொழில் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1761இல் பிரிட்டிஷ் கடற்படை அலாரம் என்ற 32 பீரங்கிக் கப்பலின் அடியில் முதன்முதலாகச் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு அதிகமுள்ள மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி, 1763இல் திருப்பிக் கொண்டுவந்து பரிசோதித்தார்கள். செம்புக்கு அடியில் மரம் அருமையாக இருந்தது. ஒரு புழு இல்லை. ஆனால் கப்பலில் இருந்த இரும்பு ஆணிகளும் போல்ட்டுகளும் அரித்துக் கூழாகிக் கிடந்தன. செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு உப்புத்தண்ணீரில் கிடந்தால் அதுவே ஒரு பேட்டரி. அதில் தேய்ந்து கரைவது இரும்பு. அன்றைக்கு இந்த விஷயத்துக்கு யாரும் பெயர்கூட வைத்திருக்கவில்லை, கால்வானியும் வோல்டாவும் வர இன்னும் பல வருஷம் இருந்தது.

சில இடங்களில் மட்டும் இரும்பு புத்தம் புதிதாக இருந்தது. ஏன் என்று பார்த்தால், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை யாரோ உரிக்காமல் அப்படியே வைத்து அடித்திருக்கிறார்கள். காகிதம் நடுவில் இருந்த இடத்தில் செம்பு இரும்பைத் தொடவில்லை. இரும்பு பிழைத்துக்கொண்டது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இருபத்திரண்டு வருஷமாகச் செய்வது இதுதானே! ஸ்டேட்டரின் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் லெதராய்டு பேப்பரை மடித்து இறக்கி, அதற்குள்தான் செம்புக் காயிலை வைப்பேன். எங்கள் வேலையில் இரும்பு செம்பைத் தொடக்கூடாத காரணம் வேறு, அது கரண்ட் பாடியில் இறங்கிவிடும் என்பதற்காக. ஆனால் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு காகிதம் என்ற வேலை ஒன்றுதான். அந்தப் பேட்டரியையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் பல போர்களில் தண்ணீர் உப்பு. கழற்றிக் கொண்டுவரும் சப்மர்சிபிள் பம்பில் வெண்கலப் பாகம் பளபளவென்று இருக்கும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு போல்ட்டு பென்சில் முனை மாதிரி கூராகியிருக்கும். 'தண்ணி சரியில்ல அண்ணாச்சி' என்று வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புவேன். இனிமேல் அலாரம் கப்பல் கதையையும் சேர்த்துச் சொல்வேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1778இல் கடற்படைக் கட்டுப்பாட்டாளராக வந்த சார்லஸ் மிடில்டன் துணிந்து மொத்தக் கப்பற்படைக்கும் செம்பு போட வைத்தார். இரும்பு போல்ட்டுப் பிரச்சினைக்குச் சரியான மருந்து 1783இல்தான் வந்தது. தண்ணீருக்குக் கீழே இரும்பே வேண்டாம், போல்ட்டும் செம்புக் கலவையில் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். திருகோணமலையைக் கட்டிய காலத்தில் இதெல்லாம் வழக்கமாகியிருந்தது.

ஆனால் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி செய்த சோதனையைச் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. செம்பும் உப்புத்தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத்தான் செய்கிறது, சில வருஷத்தில் தகடு மெலிந்துவிடும். 1824இல் டேவி ஒரு வழி சொன்னார்: வேண்டுமென்றே ஒரு இரும்புத் துண்டைச் செம்போடு சேர்த்து மாட்டிவிடுங்கள், அரிப்பை அது வாங்கிக்கொள்ளும், செம்பு தேயாது. முதலில் மாட்டிப் பார்த்த கப்பல்களில் ஒன்று சமராங். அதுவும் நம்ம பக்கத்துக் கப்பல்தான், 1822இல் கொச்சியில் கட்டியது. டேவி சொன்ன மாதிரியே நடந்தது. செம்பு தேயவில்லை. ஆனால் செம்பு தேயாததால் அடியில் கொட்டலசும் பாசியும் மண்டத் தொடங்கின! கரைந்து வெளியேறுகிற அந்தத் துளிச் செம்புதான் இத்தனை நாளும் பிராணிகளைக் கிட்டே அண்டவிடாமல் விரட்டியிருக்கிறது. கரைவதை நிறுத்தினால் காவலும் நின்றுவிடுகிறது. அந்த இரும்பையெல்லாம் பிறகு கழற்றிவிட்டார்கள். இன்றைக்கு எஃகுக் கப்பலில் துத்தநாகக் கட்டி மாட்டுவதற்கும், நிலத்தடிக் குழாய்களுக்குக் கரண்ட் கொடுத்துக் காப்பதற்கும் வேர் அந்தச் சோதனைதான்.

செம்பு கடலில் விஷம் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தூத்துக்குடிச் செம்பு ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள் 2018 மே 22. அதில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் போனது. அன்று கடையைப் பூட்டிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காயில் கட்ட உட்கார்ந்தபோது கம்பியைக் கையில் எடுக்கச் சங்கடமாக இருந்தது. எனக்குச் சோறு போடுவது இந்த உலோகம், என் மாவட்டத்துப் பிள்ளைகள் செத்ததும் இதைச் சுற்றித்தான். தகடு ஒட்டுகிற ராத்திரிகளில் அந்த நினைவு வராமல் இருந்ததில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நிஜத் தகடு 48 அங்குல நீளம், 14 அங்குல அகலம். கனமான வகை ஒரு சதுர அடிக்கு 32 அவுன்ஸ், அதாவது ஒரு தகடு நாலு கிலோவுக்கு மேல். கால்வீசத்தில் அது 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை மில்லிமீட்டர். வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்பவர்கள் கண்ணாடி விளிம்பில் சுற்றுகிற ஒட்டும் செம்பு டேப் இருக்கிறது பாருங்கள், அதில் 7/32 அங்குல அகலம் இதற்கென்றே செய்த மாதிரி பொருந்துகிறது. தலைமுடியில் பாதிக் கனம்கூட இருக்காது. ஒரு சுருள் 33 மீட்டர், இரண்டு சுருள் வாங்கினேன். அமரத்திலிருந்து அணியம் வரை இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 1,800 துண்டுகள். அமுக்கி ஏற்ற ஒரு மில்லி சேர்த்து 20 மில்லியாக வெட்டினால் 36 மீட்டர். நான் உரித்து எறிந்தது 18 மீட்டர். இரண்டாவது சுருள் மட்டும் இல்லையென்றால் நடுவில் நின்றிருக்கும்.

முதலில் மரம். தேக்கை இழைத்து, 400ஆம் நம்பர் உப்புத்தாள் வரைக்கும் போட்டுத் தேய்த்தாலும் அதன் நுண்துளையில் தூசி உட்கார்ந்துகொள்ளும். தூசிமேல் டேப் பிடிக்காது. எங்கள் ஊர்த் தூசி கரிசல் தூசி, மாசி பங்குனியில் அதோடு மிளகாய்க் களத்துத் தூளும் சேர்ந்து வரும். காயிலுக்கு ஊற்றுகிற இன்சுலேட்டிங் வார்னிஷையே இரண்டு கை பூசினேன், மோட்டாருக்குச் செய்கிற மாதிரி சூடுகாட்டி அல்ல, நிழலில் மூன்று நாள் ஆறவிட்டு. கண்ணாடி மாதிரி ஆனது. மரத்தில் இருக்கிற சின்ன மேடு பள்ளத்தைக்கூட இந்த டேப் காட்டிக்கொடுத்துவிடும். மறைக்கும் என்று நம்பி யாரும் ஒட்டாதீர்கள்.

வெட்டுவதற்கு ஒரு மரக்கட்டையில் காடி எடுத்து, 20 மில்லியில் ஒரு தடுப்பு வைத்துக்கொண்டேன். டேப்பைக் காடியில் தள்ளி, தடுப்பில் முட்டியதும் பிளேடு. நூறு துண்டு வெட்டப் பத்து நிமிஷம். பின்தாளை உரிக்கக் கைநகம் போதாது, இடுக்கி வேண்டும். வைத்த பிறகு மூங்கில் குச்சியின் மழுங்கிய முனையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து அழுத்த வேண்டும். விரலால் அழுத்தக்கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அடிக்கட்டையான ஏராவை ஒட்டி அமரத்தில் முதல் தகடு. அங்கிருந்து அணியத்தை நோக்கி ஒரு வரிசை. அடுத்த வரிசையில் மூட்டு கீழ் மூட்டுக்கு நேராக வராமல், செங்கல் கட்டுகிற மாதிரி பாதி தள்ளி. நாலைந்து வரிசை வரைக்கும் சுகமாகப் போகும். அதன்பிறகு கப்பல் தன் வேலையைக் காட்டும். நடுவயிற்றில் சுற்றளவு அதிகம், மூக்கிலும் பின்னாலும் குறைவு. அதனால் வரிசைகள் நேராக இருக்க முடியாமல் இரண்டு முனையிலும் மேலே வளைந்துகொண்டு வரும். ஒரு கட்டத்தில் நீர்மட்டக் கோட்டை மீறிவிடும். அங்கே வளைவைத் தொடராமல் நிறுத்தி, வயிற்றுப் பக்கம் புதிய கோணத்தில் இன்னொரு பட்டை ஆரம்பிக்க வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் தகடுகளை ஆப்பு மாதிரி சீவி இறக்க வேண்டும். ரவிக்கையில் டார்ட் பிடிப்பார்களே, அதே கணக்குத்தான். என் மனைவி தையல் தெரிந்தவள். நான் மூன்று ராத்திரி முழித்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் ஒரு பழைய செய்தித்தாளைக் கப்பலின் வயிற்றில் போர்த்தி, மடிப்பு விழுந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கோடுதான் கடைசிவரை நின்றது.

ஆணித்தலை விஷயத்தில் எனக்கு ஒரு அழுத்தமான கருத்து உண்டு. விற்கிற செம்புத் தகடுகளில் முத்து முத்தாகப் புடைத்த ஆணிகள் அச்சடித்து வருகின்றன. பார்க்க அழகுதான், ஆனால் நிஜத்தில் ஆணித்தலையைத் தகட்டோடு மட்டமாக அடித்து இறக்கிவிடுவார்கள். தொட்டால் மேடு தெரியாது, சின்னக் குழிவுதான் இருக்கும். ஓடுகிற கப்பலின் அடியில் ஆயிரக்கணக்கான குமிழை யார் விட்டுவைப்பார்கள்? கால்வீச அளவில் அந்தத் தலை ஊசிமுனைக்கும் சிறியது. தையல்கடைப் பல்சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன், கப்பலுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். தகட்டு மூட்டும் மேலேற்றமும் மட்டும் போதும், கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

உரித்த கதையையும் சொல்ல வேண்டும். டேப் எளிதாக வந்தது, பசை வரவில்லை. அவசரத்தில் தின்னர் போட்டுத் துடைத்தேன். பசையோடு வார்னிஷும் இளகிக் கையோடு வந்துவிட்டது. மறுபடி உப்புத்தாள், மறுபடி இரண்டு கை வார்னிஷ், மறுபடி மூன்று நாள். அந்த மூன்று நாளும் பெரியவர் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்வார். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தோணிகளைப் பற்றிப் பேசுவார். எந்த வளைவுக்கு எந்த மரக்கிளை, காற்று பார்த்து எப்போது பாய் விரிப்பது, எல்லாம். செம்புத் தகடு அவர் வாழ்நாளில் அடித்ததில்லை. பிறகு வந்த மரவிசைப் படகுகளுக்குச் செம்பு கட்டுப்படியாகாமல், கொச்சியிலிருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அலுமினியம்–மக்னீசியம் கலந்த தகட்டைக் கொண்டுவந்தது, அதற்கப்புறம் ஃபைபர் பூச்சு வந்தது என்று நான் படித்ததைச் சொன்னேன். "எது போட்டாலும் மேலேற்றம் பாத்துப் போடணும்" என்றார். தகட்டைக் கண்ணால் பார்த்த முதல் நாளே நகத்தால் தப்பைக் கண்டுபிடித்தாரே, அது எப்படி என்று கேட்டேன். "பலகைக்கும் அதான தம்பி" என்பதோடு முடித்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை அமரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு ராத்திரிக்கு அறுபது தகடு. முப்பது ராத்திரி ஆனது. ஆனி கடைசியில் முடிந்தது. பெரியவர் வந்து அதே மாதிரி நகத்தை அணியத்தில் வைத்து இழுத்தார். சத்தம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிவரச் சொல்லிக் காசு எடுத்து நீட்டினார். அவர் கையால் வாங்கிக் குடித்த முதல் டீ அது.

விரலால் அழுத்தக்கூடாது என்று சொன்னேனே. ஒரு வாரத்தில் தெரிந்தது. நான் குச்சியை மறந்து தொட்ட இடமெல்லாம் விரல்ரேகை கறுப்பாக எழும்பிவிட்டது. வியர்வை உப்பு. அம்மா பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்க்க வேண்டியதுதானே" என்றாள். வீட்டுச் செம்புக்கெல்லாம் அதுதான் வைத்தியம். புளியை நீர்க்கக் கரைத்து, துணியில் தொட்டு, அழுத்தாமல் துடைத்து, உடனே ஈரத்துணியால் இரண்டு தடவை ஒற்றி எடுத்தேன். போயே போய்விட்டது. ஆனால் புளித்தண்ணீர் மேலேற்றத்து இடுக்கில் தங்கவிட்டால் பசையைத் தின்றுவிடும், அதனால் கப்பலைச் சாய்த்து வைத்து அமரத்துப் பக்கம் வடியவிட்டேன். இடுக்குகள் இப்போது சரியான திசையில் இருந்ததால் வடிந்தது!

பளபளப்பு வந்ததும் அப்படியே லாக்கர் அடித்து மூடிவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. செம்பில் களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டுவது இல்லை, செம்போடு கூடவே பிறந்தது என்று உயிருக்கும் மலத்துக்கும் உவமை சொல்வார்கள் சைவப் பெரியவர்கள். கப்பல் செம்பும் ஒருநாள்கூடப் பளபளப்பாகக் கடலில் இருந்ததில்லை. தண்ணீரில் இறங்கிய அன்றே நிறம் மாற ஆரம்பித்துவிடும். அது கரைந்துகொண்டே இருந்ததால்தான் உள்ளே தேக்கு பிழைத்தது. அந்தக் கரைதலை லாக்கருக்கு அடியில் பூட்டிவைத்தால் நான் செய்தது கப்பலாக இருக்காது என்று பட்டது. மூடாமல் விட்டேன். ஆடி பிறந்தபோது புதுக் குடத்தின் நிறம் போயிருந்தது. ஆவணியில் கருப்பட்டி நிறம் வந்திருக்கிறது. வயிற்றுப் பக்கம் வெளிறியும், கையை வைத்துக் கப்பலைத் திருப்புகிற நீர்மட்ட வரிசை நன்றாகக் கறுத்தும் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

சுக்கான் இன்னும் பாக்கி. அதற்கும் தண்ணீருக்குக் கீழே செம்புதான், கீல் பிடிக்கிற இடத்தைச் சுற்றித் தகட்டை வெட்டி இறக்க வேண்டும். சுக்கான் திரும்பும்போது எந்த விளிம்பு தண்ணீரைப் பார்க்கும் என்பதில் எனக்கும் பெரியவருக்கும் இரண்டு நாளாகப் பேச்சு நடக்கிறது. நாளைக்கு ஒரு பலகைத் துண்டில் வெட்டிக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய டேபிள் ஃபேன் வைகாசியிலேயே தயார். இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.